உண்மை கண்டறியும் சோதனைக்கு உட்காரச் சொன்னால் உட்கார வேண்டுமா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி பர்கூர் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறார். சீசன் முடிகிற நேரத்தில், வண்டி வாடகைக்கும் கூலிக்கும் எடுத்து வைத்திருந்த 1,80,000 ரூபாய் அலுவலக பீரோவிலிருந்து காணாமல் போய்விட்டது. அந்த அறைக்குள் போய்வருகிறவர்கள் 12 பேர். முதலாளி போலீசுக்குப் போகவில்லை. பெங்களூரிலிருந்து ஒரு தனியார் ஏஜென்சியை வரவழைத்து 12 பேருக்கும் 'லை டிடெக்டர்' வைக்கப் போவதாகவும், உட்கார மறுப்பவன்தான் திருடன் என்றும் சொல்லிவிட்டாராம். 'தம்பி எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் பயந்த சுபாவம். யாராவது அதட்டினாலே உள்ளங்கை வேர்த்துவிடும். அந்த மிஷின் அவனைத் திருடன் என்று சொல்லிவிடுமா? அதை நம்பலாமா?' என்பது கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சொல்லிவிடக்கூடும். உட்கார வேண்டிய கட்டாயம் உங்கள் தம்பிக்கு இல்லை, உட்காராமல் இருப்பதே நல்லது. தருமபுரி நீதிமன்றத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் குற்ற வழக்குகள் நடத்துகிறேன். இந்தக் கருவியின் பெயரைச் சொன்னதுமே நடுங்கிப்போன எளிய மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லை டிடெக்டர் என்று சொல்லப்படும் பாலிகிராஃப் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. மார்பிலும் வயிற்றிலும் கட்டும் இரண்டு ரப்பர் குழாய்கள் மூச்சை அளக்கும். மேல்கையில் சுற்றும் பட்டை, டாக்டர் பிரஷர் பார்க்கக் கட்டுவது போன்றதுதான், ரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையும் நாடித்துடிப்பையும் அளக்கும். இரண்டு விரல்களில் மாட்டும் சின்னத் தகடுகள் தோலில் வியர்வை ஊறுவதை அளக்கும். இவையெல்லாம் கணினித் திரையில் கோடுகளாக ஓடும். பொய் என்று ஒரு கோடு அதில் கிடையாது. பொய் சொல்லும்போது மட்டும் உடலில் நடக்கிற, வேறெப்போதும் நடக்காத ஒரு மாற்றத்தை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பயம், வெட்கம், கோபம், அவமானம், பழைய துக்கம் எதற்கும் இதே வியர்வைதான், இதே படபடப்புதான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் கட்சிக்காரர் ஒருவர், லாரி ஓட்டுநர், தானே சம்மதித்துச் சோதனைக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். கருவியை மாட்டுவதற்கு முன்பே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பேச்சு. என்னென்ன கேட்கப் போகிறோம் என்று ஒவ்வொரு கேள்வியையும் முன்கூட்டியே படித்துக் காட்டினார்கள். கருவியை மாட்டிய பிறகு ஆம், இல்லை என்று மட்டும்தான் பதில். ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் இடையே அரை நிமிடம் போல மௌனம். ஒரு சுற்று முடிந்ததும் பட்டையைத் தளர்த்திவிட்டு, அதே கேள்விகளை மறுபடி, பிறகு மறுபடி. வெளியே வந்தவர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். பட்டை இறுக்கிய இடத்தில் வளையம் போலத் தடம். 'கேட்ட கேள்வி ஒன்னும் மனசுல நிக்கல சார், கை மரத்துப்போனதுதான் ஞாபகம் இருக்குது' என்றார். அறிக்கை வந்தது: முடிவு சொல்ல இயலவில்லை. இப்படி மூன்றாவதாக ஒரு முடிவும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சரி, கோடுகளை வைத்து எப்படித் தீர்ப்புச் சொல்கிறார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பரவலாக நடத்தப்படும் முறையில் இரண்டு வகைக் கேள்விகள் இருக்கும். 'வெள்ளிக்கிழமை பீரோவிலிருந்து பணத்தை எடுத்தது நீங்களா?' என்பது நேரடிக் கேள்வி. 'உங்களை நம்பியவர் யாரையாவது எப்போதாவது ஏமாற்றியிருக்கிறீர்களா?' என்பது ஒப்பீட்டுக் கேள்வி. இரண்டாவதற்கு 'இல்லை' என்று முழு மனதோடு சொல்லக்கூடிய மனிதர் அனேகமாக யாரும் இல்லை. ஆகவே நிரபராதி இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் அதிகம் தடுமாறுவார், குற்றவாளி முதல் கேள்விக்கு அதிகம் தடுமாறுவார் என்பது கணிப்பு. எந்தக் கேள்வியில் கோடு அதிகம் எகிறுகிறது என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேலை போகுமோ, ஊரில் திருடன் என்று பெயர் வருமோ என்று உட்கார்ந்திருக்கும் உங்கள் தம்பிக்கு எந்தக் கேள்வி நெஞ்சில் அடிக்கும்? எப்போதோ யாரையோ ஏமாற்றியதா, பீரோவா? பீரோதான். எடுக்காதவனுக்கும் அதுதான் பெரிய கேள்வி. அந்தக் கணிப்பின் அடித்தளமே இங்கே ஆட்டம் காண்கிறது.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. பத்து வயதில் பென்னாகரம் பக்கம் பாட்டி ஊரில் பார்த்திருக்கிறேன். புளி சீசன். திண்ணையில் நான்கு பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தையின் ஒற்றைத் தோடு காணவில்லை. மாலையில் பூசாரியை அழைத்து வந்தார்கள். பச்சரிசியை மந்திரித்து நான்கு பேருக்கும் ஒவ்வொரு பிடி கொடுத்து மெல்லச் சொன்னார். பிறகு இலையில் துப்ப வேண்டும். யாருடைய அரிசி நனையாமல் வருகிறதோ அவள்தான் எடுத்தவள். மூன்று பேருடையது கூழாக வந்தது. நான்காவது பெண்ணுக்குப் பதினாறு வயதுகூட இருக்காது. அவள் துப்பியது மாவு போல வறண்டு, இலையில் அப்படியே உதிர்ந்தது. இன்றைக்கும் அந்த இலை என் கண்ணில் நிற்கிறது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரக் கூலியையும் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள்.

நாற்பது நாள் போல இருக்கும். பாட்டி உப்புப் போட்டு அடைத்து வைத்திருந்த புளிப்பானையைத் திறந்து ஒரு உருண்டையைப் பிய்த்தார். உள்ளே தோடு. பானையில் புளியை அமுக்கியது அத்தைதான். திருகாணி கழன்று விழுந்திருக்கிறது. பாட்டி அந்தப் பெண்ணின் வீட்டுக்குக் கூலியும் ஒரு புடவையும் எடுத்துக்கொண்டு போனார். அவள் எங்கள் வீட்டுப் பக்கம் பிறகு வரவே இல்லை.

பூசாரி ஏமாற்றவில்லை. அவர் அதை முழுதாக நம்பினார். பயந்தால் வாய் வறளும் என்பதும் உண்மைதான். நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத நரம்புகள் செய்கிற வேலை அது. விரல் வியர்ப்பதும் அதே நரம்புகளின் வேலை. நான்கு பெண்களில் அதிகம் பயந்தவள் யார் என்று அரிசி சரியாகச் சொன்னது. ஏழை, சின்னப் பெண், பின்னால் பேச ஆளில்லாதவள். அவள்தான் அதிகம் பயந்தாள்.

இந்தக் கருவியின் கதையும் ஒரு திருட்டில்தான் தொடங்குகிறது. 1921-இல் அமெரிக்காவில் பெர்க்லி நகரப் போலீசில் இருந்த ஜான் லார்சன் இதைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியாக அமைத்தார். அவர் முதன்முதலில் கையில் எடுத்த வழக்குகளில் ஒன்று கல்லூரி மாணவியர் விடுதியில் நடந்த சின்னத் திருட்டு. போலீஸ் அடி உதைக்குப் பதிலாக அறிவியல் வர வேண்டும் என்பது அவர் எண்ணம்; நல்ல எண்ணம்தான். ஆனால் பிற்காலத்தில் அதே லார்சன், மனநல மருத்துவராகிவிட்ட பிறகு, இந்தக் கருவி பயன்படும் விதத்தைப் பார்த்து மிகவும் வருந்தினார். 1923-லேயே வாஷிங்டன் நீதிமன்றம் ஒன்று, அறிவியலாளர்களிடையே பொதுவாக ஏற்கப்படாத முறை என்று சொல்லி, ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய் கண்டறியும் சோதனையைச் சாட்சியமாக ஏற்க மறுத்துவிட்டது.

எத்தனை சதவீதம் சரி என்று கேட்பீர்கள். இதை நடத்துகிறவர்கள் சொல்லும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க பாலிகிராஃப் சங்கம் 2011-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஏற்கத்தக்கவை என்று அவர்கள் கருதும் எல்லா வகைச் சோதனைகளையும் சேர்த்து, முடிவு சொல்ல முடியாதவற்றை ஒதுக்கிவிட்டு, சுமார் 87 சதவீதம் சரி என்கிறது. 87 என்றால் நல்ல மார்க் போலத்தான் தெரிகிறது. இப்போது உங்கள் தம்பியின் ஆலை போல நூறு ஆலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 12 பேர், அதில் ஒருவர் திருடியவர். மொத்தம் 100 திருடர்கள், 1,100 நிரபராதிகள். கருவி 87 திருடர்களைப் பிடிக்கும், 13 பேர் தப்பித்துவிடுவார்கள். 1,100 நிரபராதிகளில் 13 சதவீதம், அதாவது 143 பேர், பொய் சொன்னதாக வருவார்கள். கருவி கைகாட்டிய 230 பேரில் 143 பேர் ஒன்றும் எடுக்காதவர்கள். பாதிக்கு மேல்! சங்கம் சொல்லும் எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டாலே கணக்கு இப்படித்தான் வருகிறது.

அந்த எண்ணையும் அப்படியே ஏற்க முடியாது. ஆய்வுக்கூடச் சோதனைகளில் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பொருளைத் 'திருடி' மறைத்து வைத்துப் பொய் சொல்லச் சொல்வார்கள். மாட்டினால் அவர்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை, சாயங்காலம் விடுதிக்குப் போய்விடுவார்கள். உண்மை வழக்குகளை வைத்து ஆராயும்போது வேறு சிக்கல். சோதனை சொன்னது சரியா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? பெரும்பாலும், அதற்குப் பின் ஒருவர் ஒப்புக்கொண்டதை வைத்து. ஒப்புக்கொள்ள வைப்பதோ, 'மிஷின் காட்டிக்கொடுத்துவிட்டது' என்று அவரிடம் சொல்வதுதான். தவறாக மாட்டிய நிரபராதி ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் கணக்கில் வரமாட்டார். தப்பித்த திருடரை யாரும் மறுபடி விசாரிக்க மாட்டார்கள்; அவரும் கணக்கில் வரமாட்டார். இப்படித் தோல்விகள் எல்லாம் உதிர்ந்துபோன பிறகு மிஞ்சுவதுதான் அந்தப் பெரிய சதவீதம்.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக்குழு 2003-இல் இதையெல்லாம் விரிவாக ஆராய்ந்தது. குறிப்பிட்ட சம்பவத்தைப் பற்றிய சோதனை குருட்டாம்போக்கில் ஊகிப்பதைவிட எவ்வளவோ மேல், ஆனால் பிழையில்லாமைக்கு வெகுதூரம் என்பது அவர்கள் முடிவு. நானும் அதற்கு மேல் குறைத்துச் சொல்லவில்லை. ஊழியர்களை மொத்தமாக உட்கார வைத்துச் சலிப்பதற்கு இது ஆகாது என்பதை அவர்கள் ஒரு கணக்கால் காட்டினார்கள். 10,000 பேரில் 10 உளவாளிகள் இருந்து, அதில் 8 பேரைப் பிடிக்கும்படி சோதனையை அமைத்தால், கூடவே 1,598 நிரபராதிகளும் மாட்டுவார்கள். 2 உளவாளிகள் அப்போதும் உள்ளேயே இருப்பார்கள்.

அந்த இரண்டு பேர் கற்பனை இல்லை. சோவியத் நாட்டுக்கு ரகசியம் விற்ற சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986-லும் 1991-லும் இந்தச் சோதனையில் தேறினார், 1994-இல்தான் பிடிபட்டார். வாஷிங்டன் மாகாணத்தில் தொடர் கொலைகள் செய்த கேரி ரிட்ஜ்வே 1984-இல் சோதனையில் தேறிவிட்டு வெளியே நடமாடினான். 2001-இல் டி.என்.ஏ. சோதனைதான் அவனைப் பிடித்தது, 2003-இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டான். மறுபக்கம், ஒஹாயோவில் ஃபிளாய்ட் ஃபே என்பவர், தேறினால் விட்டுவிடுவோம், தோற்றால் முடிவு சாட்சியமாகும் என்ற ஏற்பாட்டுக்குச் சம்மதித்து உட்கார்ந்தார். தான் செய்யவில்லை என்ற தைரியம். தோற்றார். கொலைக் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டு, உண்மையான ஆட்கள் யாரென்று தெரியும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். 'தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்' என்று யாராவது உங்கள் தம்பியிடம் சொன்னால் இந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கருவி முழுக்க வீண் என்றும் சொல்லமாட்டேன். டேவிட் லைக்கன் என்ற உளவியலாளர் 1959-இல் வேறொரு முறையை முன்வைத்தார். 'எடுத்தாயா' என்று கேட்பதே இல்லை. பணம் என்ன பையில் இருந்தது என்று கேட்டு, மஞ்சள் பை, பச்சைப் பை, துணிப்பை, கவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். எடுத்தவருக்கு மட்டும் ஒரு சொல் சுருக்கென்று தைக்கும். எடுக்காதவருக்கு எல்லாம் ஒன்றுதான். எவ்வளவு பயந்தவராக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் பயப்படுவார். ஜப்பான் போலீஸ் இந்த வழியில்தான் போகிறது. ஆனால் எடுத்தவரைத் தவிர வேறு யாருக்கும் அந்த விவரம் தெரிந்திருக்கக்கூடாது. நம் ஊரில் பணம் காணாமல் போனது தெரிந்த அன்று காலை எட்டு மணிக்கே ஆலை வாசல் டீக்கடையில் பையின் நிறம், நோட்டுக் கட்டு எத்தனை, ரப்பர் பேண்ட் போட்டிருந்ததா வரை பேசி முடித்திருப்பார்கள். அப்புறம் அந்த முறைக்கும் வேலை இல்லை.

இனி சட்டம். 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒருவரின் சம்மதம் இல்லாமல் உண்மை கண்டறியும் சோதனை, மயக்க மருந்து கொடுத்துக் கேள்வி கேட்கும் நார்கோ, மூளை வரைபடச் சோதனை எதையும் நடத்தக்கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்ற அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவுக்கும், தனிமனித சுதந்திரத்தைக் காக்கும் 21-ஆம் பிரிவுக்கும் அது எதிரானது. சம்மதித்தாலும் அந்தச் சம்மதத்தை நீதித்துறை நடுவர் முன்பு பதிய வேண்டும், வழக்கறிஞர் உதவி இருக்க வேண்டும், விளைவுகளை விளக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இல் வகுத்த நெறிமுறைகளைக் கண்டிப்பாகப் பின்பற்றவும் சொன்னது. சம்மதத்தோடு நடந்த சோதனையின் முடிவைக்கூட அப்படியே சாட்சியமாக ஏற்க முடியாது. அதன் மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்பு வேண்டுமானால் சாட்சியமாகலாம். திருச்சி ராமஜெயம் கொலை 2012-இல் நடந்தது. 2023-இல் நீதிமன்ற அனுமதியோடு சந்தேக நபர்கள் சிலருக்கு இந்தச் சோதனை நடந்தது. சோதனையோடு வழக்கு முடிந்துவிடவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

போலீசுக்கே இத்தனை கட்டுப்பாடு என்றால், ஒரு ஆலை முதலாளி ஆபீஸ் அறையில் வைத்து நடத்தும் சோதனைக்கு என்ன மதிப்பு? அமெரிக்காவில் தனியார் முதலாளிகள் பெரும்பாலோர் ஊழியர்களுக்கு இதை நடத்தக்கூடாது என்று 1988-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று சொல்லும் சட்டமும் கிடையாது. மறுப்பது குற்றத்துக்குச் சாட்சி ஆகாது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, கருவியைக் கழற்றிய பிறகு நடப்பது. 'நீ மாட்டிக்கிட்ட தம்பி, மிஷின் சொல்லிடுச்சு. போலீசுக்குப் போனா ஜெயில். இங்கயே எழுதிக் கொடுத்திடு, சம்பளத்துல மாசா மாசம் பிடிச்சுக்கலாம்' என்பார்கள். பயந்த சுபாவமுள்ளவர்கள் அந்த இடத்தில்தான் விழுகிறார்கள். எடுக்காத பணத்துக்குப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வருடக்கணக்கில் அடைத்துக்கொண்டிருந்தவர்கள் என் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள். அதிகாரத்தில் இருப்பவர் மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கும் ஒப்புதல் குற்ற வழக்கில் நிற்காது. ஆனால் புரோநோட்டு வேறு விஷயம், அதைத் தனியாக எதிர்த்துப் போராட வேண்டிவரும். அதனால் வெற்றுத்தாள், முத்திரைத்தாள், புரோநோட்டு எதிலும் கையெழுத்து வேண்டாம். இதைத் தம்பியிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

முதலாளியையும் நான் எதிரியாகப் பார்க்கவில்லை. சீசன் முடிவில் 1,80,000 ரூபாய் போனால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் அந்தப் பணம் எங்கே போனது என்று தெரிய வேண்டுமானால் வழி வேறு. பீரோவுக்கு எத்தனை சாவி, யார் யாரிடம் இருந்தது? கடைசியாகப் பணத்தை எண்ணியது யார், எந்த நேரம், அது நோட்டில் எழுதப்பட்டதா? அன்று வந்த லாரிகளுக்கான வாடகை ரசீதுகளும் எடை மேடைச் சீட்டுகளும் ஒத்துப்போகின்றனவா? திருடே நடக்காமல், இரண்டு முறை வாடகை கொடுத்ததாக முடிந்த ஒரு வழக்கையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில், 1992-இல் வாச்சாத்தி ஊருக்குள் அரசு ஊழியர்கள் புகுந்து செய்த கொடுமைகள் பற்றிய வழக்கு 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் இடையில் இறந்துபோன 54 பேர் போக மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றத்தில் முடிந்தபோது, அதைத் தாங்கி நின்றது அந்த ஊர்ப் பெண்கள் கூண்டிலேறிச் சொன்ன சாட்சியம். ஒரு ஆலையின் பீரோ அதற்கு முன் சின்ன விஷயம்தான். இதையும் அப்படி ஒவ்வொரு ஆளாக, ஒவ்வொரு தாளாகப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தம்பி ஒரு கடிதம் எழுதட்டும், மரியாதையாக, நான்கே வரியில்: பணம் காணாமல் போனதில் எனக்குப் பங்கில்லை, காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் விசாரணைக்கு முழுதாக ஒத்துழைக்கிறேன், என் பொறுப்பில் உள்ள கணக்குப் புத்தகங்களை எப்போது வேண்டுமானாலும் காட்டுகிறேன், தனியார் ஏஜென்சியின் சோதனைக்கு எனக்குச் சம்மதம் இல்லை. தேதி போட்டு, ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு அனுப்பட்டும், நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். உட்கார மறுத்ததற்காகவே வேலையை விட்டு நிறுத்தினால், அந்த உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதை வைத்துக்கொண்டு மேலே என்ன செய்வது என்று பார்க்கலாம்.

இன்னொன்று, இது அவசரம். ஆலை அலுவலகத்தில் சிசிடிவி இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் பதினைந்து நாள், ஒரு மாதத்தில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். பணம் போன வாரத்துப் பதிவைத் தனியாக எடுத்து வைக்கும்படி அதே கடிதத்தில் ஐந்தாவது வரியாகக் கேட்டுவிடுங்கள். நாளைக்கே அனுப்புங்கள்.